3-4-1931: ஏப்ரலா, மார்ச்சா? குடும்ப மரத்தின் தேதிப் பெட்டிகள்

இணையத்தில் குடும்ப மரம் போட ஆரம்பித்த புதிதில் தாத்தாவின் பிறந்த தேதியை 3-4-1931 என்று அடித்தேன். பெட்டி வாங்கிக்கொண்டது. அப்புறம் பாட்டிக்கு 15-7-1936 போட்டால் "தவறான தேதி" என்று மறுத்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. அந்தத் தளம் மாதத்தை முதலில் படிக்கிறது. பதினைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் பாட்டி தப்பித்தார். தாத்தா அதற்குள் மார்ச் 4-ல் பிறந்தவராகிவிட்டார்.

நாளும் மாதமும் 12-க்குள் அடங்கும் தேதிகள் வருடத்துக்கு 144. அவற்றில் 1-1, 2-2 போன்ற 12 தேதிகளைத் திருப்பிப் படித்தாலும் தப்பில்லை. மீதி 132, அதாவது வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், சத்தமில்லாமல் தவறாக ஏறிவிடக்கூடியவை. பிழைச் செய்தி வந்தால் அதிர்ஷ்டம்தான்.

தேதி வாங்க இந்த மென்பொருள்கள் மூன்று வழிகளை வைத்திருக்கின்றன. இருப்பதில் மோசமானது குட்டி நாட்காட்டி விரியும் பெட்டி. அடுத்த வாரப் பயணத்துக்கு டிக்கெட் எடுக்க அது அருமை. 1931-க்குப் போக மாதம் மாதமாகப் பின்னால் தட்டினால் ஆயிரம் தட்டலுக்கு மேல் ஆகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய குறை, நாள், மாதம், வருடம் மூன்றும் இருந்தால்தான் அது ஏற்கும். கொள்ளுத்தாத்தா பிறந்த வருடம் மட்டும் தெரிந்தவர் என்ன செய்வார்? ஜனவரி 1 என்று போட்டுவிட்டு நகர்வார். பத்து வருடம் கழித்துப் பார்க்கிறவருக்கு எது நிஜ ஜனவரி 1, எது இட்டு நிரப்பியது என்று தெரியாது.

நாள், மாதம், வருடம் என மூன்று தனிப் பெட்டிகள் பரவாயில்லை. மாதத்தைப் பெயரால் தேர்ந்தெடுப்பதால் குழப்பம் அங்கேயே முடிந்துவிடுகிறது. நாளைக் காலியாக விட முடிந்தால் இன்னும் நல்லது. "1931 வாக்கில்", "1940-க்கு முன்", "1928-க்கும் 1932-க்கும் இடையில்" என்று சொல்ல வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குடும்ப வரலாற்றில் பாதித் தகவல் இந்த ரகம்தான்.

எதை வேண்டுமானாலும் அடிக்கலாம் என்கிற திறந்த பெட்டி மூன்றாவது. என்னை ஏமாற்றியதும் இதுதான்; இருந்தும் என் ஓட்டு இதற்கே, ஒரு நிபந்தனையோடு: நான் எழுதியதை அப்படியே வைத்துக்கொண்டு, தான் புரிந்துகொண்டதைப் பக்கத்தில் காட்ட வேண்டும். குடும்ப மரத் தளமான ஃபேமிலிசர்ச் இப்படித்தான் செய்கிறது. நாம் அடித்த வடிவம் ஒரு பக்கம், அதைத் தளம் ஒரே சீரான வடிவுக்கு மாற்றிய தேதி இன்னொரு பக்கம். அங்கே "4 மார்ச்" என்று கண்ணில் பட்டிருந்தால் அன்றே திருத்தியிருப்பேன். திறந்த மூல மென்பொருளான கிராம்ப்ஸ், புரியாத தேதியை வலிந்து மாற்றாமல் வெறும் எழுத்தாகவே சேமித்துவிடும். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

பழைய பதிவுகளுக்குப் போனால் இது இன்னும் முக்கியம். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது நடப்பில் இருந்த கணக்கில் அது 1731 பிப்ரவரி 11. இன்றைய கணக்கில் 1732 பிப்ரவரி 22. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-ல்தான் நாட்காட்டியை மாற்றின. அதுவரை இங்கிலாந்திலும் அந்தக் குடியேற்றங்களிலும் வருடம் மார்ச் 25-ல் பிறந்தது. ஒரே எண்ணை மட்டும் ஏற்கும் பெட்டி இந்த இரண்டில் ஒன்றைத் தொலைத்துவிடும்.

தளம் விட்டுத் தளம் மாறும்போது கைகொடுப்பது ஜெட்காம் கோப்பு, அதாவது குடும்ப மரத்தை எடுத்துச் செல்வதற்கான பொது வடிவம். அதில் மாதம் எண்ணாக வராது, மூன்று ஆங்கில எழுத்துகளாக வரும். "சுமார்", "முன்", "பின்", "இடையில்" எல்லாவற்றுக்கும் அதில் குறிகள் உண்டு. தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601-ன் வடிவம், வருடம் முதலில் வரும் 1931-04-03, வரிசைப்படுத்த வசதி, குழப்பமும் இல்லை. அதன் 2019 விரிவாக்கத்தில் தோராயத் தேதிக்கும் இடம் வந்துவிட்டது. எக்ஸெல்லில் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1900-க்கு முந்தைய தேதிகளை அது தேதியாகவே எண்ணாது.

புதுத் தளத்தில் மரம் தொடங்கும் முன் நான் இப்போது செய்வது இது. கற்பனையாக ஒரு ஆளைச் சேர்த்து "3-4-1931", "1931", "1931 வாக்கில்" என்று மூன்று நிகழ்வுகளுக்குத் தேதி கொடுக்கிறேன். ஜெட்காமாக இறக்கி நோட்பேடில் திறந்து பார்க்கிறேன். வெறும் 1931-க்கு ஜனவரி 1 முளைத்திருந்தால் அங்கேயே கும்பிடு.

தாத்தா இப்போது "3 ஏப்ரல் 1931" என்று எழுத்தில் இருக்கிறார். அந்த நாட்களில் நான் ஏற்றிய மற்ற 12-க்குள் தேதிகளைப் பழைய நோட்டோடு ஒப்பிடும் வேலை இன்னும் முடியவில்லை.