மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரில் செய்த ஸ்பாட் வெல்டர்: மூன்று வருட அனுபவம்

மச்சானுடைய மின்சார சைக்கிள் பேட்டரி படுத்துவிட்டது. அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. உள்ளே 13 வரிசை, வரிசைக்கு 4 செல். மொத்தம் 52, எல்லாம் 18650 என்ற அளவில் வரும் உருளை வடிவ லித்தியம் செல். புது செல் வாங்கியாச்சு. செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையை ஒட்ட சால்டரிங் அயர்னை வைத்தால் சூடு உள்ளே இறங்கி செல்லைக் கெடுத்துவிடும். சரி, நொடிப்பொழுது மட்டும் பெரிய கரண்ட் விட்டு ஒரு புள்ளியில் ஒட்டும் ஸ்பாட் வெல்டர் ஒன்றை நாமே செய்துவிடுவோம் என்று இறங்கினேன்.

பழைய இரும்புக்கடையில் கிடைத்த மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரை எடுத்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில், அதாவது மின்சாரம் வெளியே வரும் சுருளில், சுமார் 2000 வோல்ட் வரும். பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். உயிரை எடுக்கக்கூடியது. அதை டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாதவர்கள் அடுப்பைத் திறக்கவே வேண்டாம். செகண்டரியை அறுத்து எடுத்துவிட்டு, தடித்த வெல்டிங் கேபிளை இரண்டே சுற்று சுற்றினேன். வருவது 2 வோல்ட் அளவுதான். ஆனால் கரண்ட் நூற்றுக்கணக்கான ஆம்பியர்.

நேரத்தைக் கவனிப்பது அர்டுயினோ நானோ என்ற சின்ன புரோகிராம் போர்டு. போர்டை மெயின் கரண்டிலிருந்து பிரித்து வைக்கும் ஆப்டோகப்ளர் வழியாக, மின்னணு சுவிட்சாக ஒரு டிரையாக், காலால் மிதிக்க ஒரு பெடல், அவ்வளவுதான். ஒரு மிதிக்கு இரண்டு பல்ஸ், அதாவது இரண்டு முறை கரண்ட் பாயும். முதல் பல்ஸ் 20 மில்லிசெகண்ட். பட்டையைச் செல்லோடு படிய வைக்கும். சின்ன இடைவெளி விட்டு இரண்டாவது 60, ஒட்டுவது இதுதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சைக்கிள் 20 மில்லிசெகண்ட். அதனால் எப்போதும் முழு சைக்கிளாகவே விடுகிறேன். முதலில் அரை சைக்கிள் கணக்கில் விட்டபோது கோரில் (டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு நடுப்பகுதியில்) காந்தம் மிச்சம் நின்று, அடுத்த மிதியில் டிரான்ஸ்ஃபார்மர் ‘டம்’ என்று அதிர்ந்தது. இரண்டு முறை வீட்டு மெயினைத் துண்டிக்கும் எம்சிபியே விழுந்தது.

பல்ஸ் நேரத்தை அவ்வப்போது கூட்டிப் பார்ப்பதைத் தவிர, புரோகிராமில் அதற்கு அப்புறம் நான் கை வைத்ததே இல்லை. இந்த மூன்று வருடத்தில் நான் மாற்றியது பெரும்பாலும் பட்டையைத் தொடும் செம்பு முனைகளும் கேபிளும்தான். முதலில் கேபிள் ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் இருந்தது. அதை 25 ஆக வெட்டி, கேபிள் நுனியில் மாட்டும் லக்கை நன்றாக நசுக்கிப் போட்டதும், அதே 60 மில்லிசெகண்டில் வெல்ட் இரண்டு மடங்கு உறுதியானது போல இருந்தது. செம்பு முனை இருபது முப்பது மிதியில் கருத்து, காளான் தலை மாதிரி மழுங்கிவிடும். மழுங்கினால் பட்டையோடு ஒட்டிக்கொண்டு பொறி பறக்கும். ஒரு சின்ன அரம் எப்போதும் வலது கைப் பக்கம் இருக்கிறது. 52 செல், செல்லுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு இரண்டு மிதி என்றால் 208 மிதி. அரத்தை எடுக்கச் சோம்பல்பட்டால் கடைசி வரிசை கெட்டுவிடும்.

கை அழுத்தமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதற்காகச் செம்பு முனைகளை ஸ்பிரிங்கில் பொருத்தினேன். செய்ததிலேயே உருப்படியான மாற்றம் இதுதான் என்பேன்.

இன்னொன்று, வீட்டு வோல்டேஜ். எங்கள் தெருவில் சாயங்காலம் 200க்கு இறங்கிவிடும். 230ல் ஒட்டுவதோடு ஒப்பிட்டால் சூடு கால்வாசி குறைந்துபோகும். காலையில் நன்றாகப் பிடித்த அதே அமைப்பு இரவில் விரலால் இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. இப்போது தொடங்கும் முன் செத்த செல் ஒன்றில் ஒட்டி, இடுக்கியால் இழுத்துப் பார்க்கிறேன். பட்டை கிழிந்து, செல்மேல் சின்னச் சின்ன நிக்கல் பொட்டு தங்கினால் சரி. பட்டை அப்படியே கழன்று வந்தால் நேரத்தை ஒரு சைக்கிள் கூட்டுவேன்.

பட்டை வாங்குவதில்தான் நான் ஏமாந்தேன். சுத்த நிக்கல் என்று விற்றதை நம்பி வாங்கினேன். உப்புத் தண்ணீரில் போட்டு வைத்ததில், வெட்டிய ஓரம் இரண்டு நாளில் துருப்பிடித்தது. உள்ளே இரும்பு, மேலே நிக்கல் பூச்சு. இரும்புக்கு மின்தடை அதிகம் என்பதால் அது சுலபமாக ஒட்டும்; ஆனால் சைக்கிள் ஏற்றத்தில் ஏறும்போது பட்டை சூடாகும். பாதி ஒட்டிய பேட்டரி பேக்கை முழுக்கப் பிரித்து மறுபடி செய்தேன்.

0.15 மில்லிமீட்டர் பட்டைக்கு இந்த வெல்டர் தாராளம். 0.2 பட்டை சில நாள் பிடிக்கிறது, சில நாள் பிடிக்கவில்லை. அதை ஒட்ட நேரத்தைக் கூட்டிப் பார்த்தபோது செல்லின் மைனஸ் பக்கம் நீலம் பாய்ந்துவிட்டது. அந்தப் பக்கத் தகடு மெல்லியது. அந்த செல்லைப் பேக்கில் சேர்க்கவில்லை. கரண்ட் அதிகம் தேவைப்படும் பேக்குகளுக்கு இப்போது 0.15 பட்டையையே இரண்டு அடுக்காக, ஒன்றன்மேல் ஒன்று தனித்தனியாக ஒட்டுகிறேன்.