பொத்தான்களைப் படிக்கும் சில்லுக்கு ஐ2சியா, யூஆர்ட்டா?

ராஸ்பெரி பை வைத்து நானே செய்த கையடக்க விளையாட்டுக் கருவியில், பொத்தான்களையும் ஜாய்ஸ்டிக்கையும் படிப்பதற்கென்றே ஒரு சிறிய மைக்ரோகண்ட்ரோலர் இருக்கிறது. அது முதன்மைப் பலகையுடன் பேசும் நிரலை இரண்டு தடவை எழுதினேன்: முதலில் ஐ2சியில் (கடிகாரத்துக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று என இரு கம்பிகளைப் பல சில்லுகள் பகிர்ந்துகொள்ளும் முறை), பிறகு யூஆர்ட்டில் (இரண்டு சில்லுகள் மட்டும் தமக்கான கம்பிகளில் நேரடியாகப் பேசும் முறை). இப்போது யூஆர்ட்டில் நிற்கிறேன். இனி மாறுவதாக இல்லை.

வேகத்தில் ஐ2சிதான் முந்துகிறது. 400 கிலோஹெர்ட்ஸில், ஒரு தடவை படிக்கும் ஏழு பைட் தகவல் கால் மில்லிசெகண்டில் வந்துவிடும். 1,15,200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்) வேக யூஆர்ட்டில் அதே தகவலுக்கு 0.8 மில்லிசெகண்ட் ஆகும். திரையின் ஒரு சட்டகமே 16 மில்லிசெகண்டுக்கு மேல் நிற்கும்போது, விரலுக்கு இது தெரியவே தெரியாது.

கோளாறு வரும்போதுதான் உண்மையான வேறுபாடு தெரிகிறது. ஐ2சியில் ஓட்டிய காலத்தில் ஒரு நாள் விளையாட்டின் நடுவே நாயகன் இடப்பக்கச் சுவரில் முட்டிக்கொண்டே ஓடினான். பேட்டரி அளவும் 61-இல் உறைந்துவிட்டது. மின்னலையைக் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் கடிகாரக் கம்பி தரையோடு, அதாவது சுழிய வோல்ட்டில், கிடந்தது. என் நிரலில் ஓர் இன்டரப்ட் (நடப்பு வேலையை இடைமறித்து ஓடும் பகுதி) சிக்கிக்கொண்டதால், சில்லு அந்தக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது. ஐ2சி இதை அனுமதிக்கிறது, 'கொஞ்சம் பொறு' என்று சொல்வதற்காக. ஆனால் அதே கம்பியில்தான் பேட்டரி அளவியும் ஒலிச் சில்லும் இருந்தன. ஒருவன் வாய் அடைத்ததும் மூவரும் ஊமையானார்கள். தரவுக் கம்பி மட்டும் சிக்கியிருந்தால் ஒன்பது கடிகாரத் துடிப்புகள் கொடுத்து விடுவிக்கலாம். கடிகாரமே சிக்கினால் அந்த வழியும் அடைபடும்.

யூஆர்ட்டில் கட்டளை எண், தரவு, சிஆர்சி (தரவு பிழையின்றி வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) மூன்றையும் காப்ஸ் (COBS) என்ற குறியாக்க முறையில் பொதிந்து அனுப்புகிறேன். பொதிக்குள் சுழியம் வராது. சுழியம் வந்தால் பொதி முடிந்தது என்று பொருள். சில்லை வேண்டுமென்றே பாதிப் பொதியில் ரீசெட் செய்து பார்த்தேன். உடைந்த பொதி சிஆர்சி சோதனையில் தோற்று ஒதுக்கப்பட்டது, சில்லு எழுந்ததும் அடுத்த சுழியத்திலிருந்து எல்லாம் சீராக ஓடியது. பேட்டரி அளவிக்கு எதுவுமே தெரியாது. அதிர்வு மோட்டார், எல்இடி, ஜாய்ஸ்டிக் அளவுதிருத்தம் எல்லாமே இப்போது ஒரே பொதி வடிவத்தில் போகின்றன.

ஒன்றை மறைக்கக் கூடாது. யூஆர்ட்டுக்குப் பொதுக் கடிகாரம் கிடையாது. இரு பக்க வேகமும் ஓரிரு சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். நான் துல்லியமான கடிகாரம் தரும் படிகம் வைத்த ஒரே பலகையில்தான், அதுவும் வீட்டுக்குள்தான் ஓட்டியிருக்கிறேன். துல்லியம் குறைந்த உள்ளக ஆசிலேட்டரை (சில்லுக்குள்ளேயே இருக்கும் கடிகாரத்தை) மட்டும் நம்பும் மலிவுச் சில்லு என்றால் ஐ2சியே எடுங்கள். ஆனால் அதற்குத் தனிக் கம்பி ஜோடி கொடுத்து, சில்லின் ரீசெட் முனையையும் முதன்மைப் பலகையின் கையில் கொடுத்துவிடுங்கள்.