துறைமுகக் காட்சிக்குப் பணம் கட்டினோம், ஏசி இயந்திரங்களைக் காட்டினார்கள்

தண்ணீரை ஒட்டி நிற்கும் பழம்பெரும் ஹோட்டல் ஒன்றில் ஒருமுறையாவது தங்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வைத்திருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஹோட்டலின் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. வங்கியில் நான் கொடுத்த புகார் இன்னும் முடியவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூரத்தில் வரும் கப்பலின் புகைபோக்கி நிறத்தைப் பார்த்தே எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லிவிடுவார். அவருக்காகத்தான் அந்த ஹோட்டலைத் தேடிப் பிடித்தேன். உயரமான ஜன்னல், அதன் முன் ஒரு சாய்வு நாற்காலி, கண்ணெதிரே கப்பல்கள். இணையதளத்தில் அந்த அறைக்குப் போட்டிருந்த படம் அதுதான். பழைய கட்டடத்தில் துறைமுகக் காட்சி உள்ள அறை என்ற வகையைத் தேர்ந்தெடுத்தேன். சாதாரண அறையைவிடக் கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடுதல் வாடகை. ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற நிபந்தனை வேறு. முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது.

வரவேற்பு எல்லாம் ராஜ உபசாரம்தான். ஈரத் துண்டு, குளிர்ந்த பானம், அப்பாவுக்குத் தனியாக ஒரு நாற்காலி. அறைக்குப் போகும்போதுதான் சந்தேகம் வந்தது. பழைய கட்டடத்தின் மரப் படிகளைத் தாண்டி, ஒரு நீண்ட நடைபாதை வழியாகப் பின்னால் இருந்த புதிய கட்டடத்துக்கு அழைத்துப் போனார்கள். திரையை விலக்கினால் எதிரே ஒரு மொட்டைமாடி, அதில் வரிசையாக ஏசி இயந்திரங்கள். கண்ணாடியில் கன்னத்தை ஒட்டி வலப்பக்கம் பார்த்தால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே விரல் அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது.

ரிசப்ஷனுக்கு இறங்கி வந்து கேட்டேன். அந்தப் பையன் புன்னகை மாறாமல், "தண்ணீர் தெரிகிறதுதானே மேடம்? அதுவும் துறைமுகக் காட்சி வகைதான்" என்றான். பழைய கட்டடம் என்றுதானே பதிவு செய்தேன் என்றதற்கு, பதிவு மெயிலின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைத் திரையில் காட்டினான். கட்டடமும் மாடியும் அன்றைய நிலவரத்தைப் பொறுத்தவையாம். சரி, அறை காலி இல்லை போலிருக்கிறது என்று நினைப்பதற்குள் அடுத்த பேச்சு வந்தது. "உங்கள் அதிர்ஷ்டம், பழைய கட்டடத்தில் முன்பக்க அறை ஒன்று இன்று காலியாக இருக்கிறது. ஒரு இரவுக்கு இவ்வளவு கூடுதலாகக் கட்டினால் உடனே மாற்றித் தருகிறேன்."

இந்த இடத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அறை இல்லாமல் இல்லை. ஒரு முறை பணம் வாங்கிக்கொண்டு விற்ற அறையை, இரண்டாவது முறையும் எனக்கே விற்கப் பார்த்தார்கள். மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன், கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். அவர் எப்போது கேட்டாலும் கூட்டத்தில்தான் இருந்தார். அப்பா, "விடும்மா, கப்பல் எங்கே போயிடப்போகுது" என்றார். கப்பல் போகத்தான் செய்யும் என்பது அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்! நான் சண்டை போடுவது பிடிக்காமல் சொன்ன வார்த்தை அது.

கூடுதல் பணம் கட்டவில்லை. அந்த மொட்டைமாடி அறையிலேயே இருந்தோம்.

பழைய ஹோட்டல்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். புகழ் ஒரு கட்டடத்துக்கு, படுக்கை இன்னொரு கட்டடத்தில் என்பது இவற்றில் சகஜம். 1903இல் திறந்த மும்பை தாஜ் மகால் ஹோட்டலுக்குப் பக்கத்தில் எழுபதுகளில் ஒரு கோபுரம் எழும்பியது. 1928இல் திறந்த ஹாங்காங் பெனின்சுலாவுக்குப் பின்னால் 1994இல் 30 மாடிக் கோபுரம் வந்தது. தண்ணீரும் இருந்த இடத்திலேயே இருப்பதில்லை. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டல் 1887இல் தொடங்கியபோது கடற்கரையை ஒட்டி இருந்தது. அது நிற்கும் தெருவின் பெயர் இன்றும் பீச் ரோடு, ஆனால் கடலைத் தூர்த்து நிலமாக்கிவிட்டதால் அங்கே நின்றால் கரை தெரியாது. பெனின்சுலாவின் எதிரிலும் 1980இல் விண்வெளி அருங்காட்சியகம் வந்து நின்றுகொண்டது. இதிலெல்லாம் மோசடி எதுவும் இல்லை, நகரம் வளர்ந்தால் அப்படித்தான். எந்தக் கட்டடம், எந்தப் பக்கம் என்று சொல்லி விற்றால் யாருக்கும் புகார் இருக்காது. முன்பக்கத்தின் படத்தைப் போட்டுப் பின்பக்கத்தைத் தலையில் கட்டுவதுதான் தவறு.

ஆகவே, ரத்து செய்ய முடியாத கட்டணத்தில் பதிவு செய்வதற்கு முன்பு ஹோட்டலுக்கு நேரடியாக ஒரு மெயில் போடுங்கள். எந்தக் கட்டடம், எந்தத் திசை, படுக்கையில் உட்கார்ந்தபடி தண்ணீர் தெரியுமா என்று கேளுங்கள். போனில் கேட்டால் இனிக்க இனிக்கப் பேசுவார்கள், பிற்பாடு அதற்குச் சாட்சி இருக்காது. நான் பதிவு செய்த அன்றே அந்தப் பக்கத்தையும் படத்தையும் சேமித்து வைத்திருந்தேன், இன்று வங்கியில் என் கையில் இருக்கும் ஆயுதம் அதுதான். நான் ஊர் திரும்பிய பிறகு ஹோட்டல் தன் பக்கத்தில் அந்தப் படத்தை மாற்றிவிட்டது.

இனி பணம் பிடித்த கதை. வாடகை முழுக்கக் கட்டியிருந்தும், செக்-இன் செய்யும்போது டெபாசிட் என்று கார்டைத் தேய்த்தார்கள். "எடுக்கவில்லை மேடம், பிடித்து மட்டும் வைக்கிறோம்" என்றார்கள். அதுவரை சரி, எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். கிரெடிட் கார்டு என்றால் கடன் வரம்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அப்பா என்னை முந்திக்கொண்டு தன் டெபிட் கார்டை நீட்டிவிட்டார். டெபிட் கார்டில் பிடித்தால் கணக்கில் இருக்கும் சொந்தப் பணமே முடங்கிவிடும். கடைசி நாளில் பில்லை அந்தப் பிடித்த தொகையிலிருந்து கழித்திருக்க வேண்டும். அவர்களோ புதிதாக ஒரு தடவை தேய்த்துவிட்டு, பழையதை அப்படியே விட்டுவிட்டார்கள். கேட்டால், அது தானாக விடுபடும், உங்கள் வங்கியைக் கேளுங்கள் என்றார்கள். வங்கியைக் கேட்டால், ஹோட்டல் விடுவிப்புச் செய்தி அனுப்பினால் சீக்கிரம் முடியும், இல்லாவிட்டால் கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் அப்பாவின் ஓய்வூதியப் பணம் மாட்டிக்கொண்டிருந்தது. செக்-அவுட் செய்யும்போதே, பிடித்த பணத்தை விடுவித்ததற்கான அச்சுச் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் வாசலைத் தாண்ட வேண்டும்.

மினிபார் விவகாரம் இன்னும் கேவலம். அப்பா இன்சுலின் போட்டுக்கொள்பவர். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும் என்பதால், உள்ளே இருந்த இரண்டு பாட்டில்களை ஓரமாக நகர்த்தி மருந்தை வைத்தேன். பில்லில் அந்த இரண்டு பாட்டிலும் குடித்ததாக வந்தது! அந்தத் தட்டுகளில் உணரி இருக்கிறது. பொருளைத் தூக்கினால் சில விநாடிகளில் கணக்கில் ஏறிவிடும், திரும்ப வைத்தாலும் இறங்காது. பாட்டில்கள் மூடி திறக்காமல் அங்கேயே இருக்கின்றன என்று ஆளை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள், எடுத்துவிட்டார்கள், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கேட்டால் மருந்துக்குத் தனியாக ஒரு சின்ன ஃபிரிட்ஜ் பல ஹோட்டல்களில் தருவார்கள். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை, மருந்து என்று முதல் நாளே சொல்லியிருந்தும்.

அறைக்கு நேர் கீழே விருந்து மண்டபம் என்பதையும், நள்ளிரவு தாண்டியும் தாளம் தரை வழியாக ஏறி வந்ததையும் விரித்துச் சொல்லப்போவதில்லை.

பில்லில் வசதிக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தது, ஒவ்வொரு இரவுக்கும் தனித்தனியாக. நீச்சல்குளம், உடற்பயிற்சிக் கூடம், வைஃபை, செய்தித்தாள் எல்லாம் அதற்குள் அடக்கமாம். அப்பா நீச்சல்குளத்துக்குப் போகவில்லை, செய்தித்தாள் வரவே இல்லை. பதிவு செய்தபோது காட்டிய மொத்தத் தொகையில் இது இல்லை. அமெரிக்காவில் 2025 மே 12 முதல், கட்டாயமாக வாங்கும் கட்டணங்களை எல்லாம் சேர்த்த மொத்த விலையைத்தான் தங்கும் விடுதிகள் காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. பிரிட்டனிலும் 2025 ஏப்ரல் 6 முதல் அப்படித்தான். கட்டணமே கூடாது என்று இந்த விதிகள் சொல்லவில்லை, ஒளித்து வைத்து வாங்காதே என்கின்றன. நாங்கள் தங்கிய ஊரில் இந்த இரண்டு சட்டமும் செல்லாது. உங்கள் பயணம் எங்கே என்று பார்த்து, அந்த ஊர் விதியைத் தெரிந்துகொண்டு போனால், பேசும்போது குரலில் ஒரு தெம்பு இருக்கும்.

கடைசியாக, மெஷினில் நடந்தது. பில் தொகையை அந்த ஊர் நாணயத்தில் வாங்கலாம், அல்லது நம் ஊர் நாணயத்துக்கு அங்கேயே மாற்றி வாங்கலாம். இரண்டாவதில் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது நம் வங்கி இல்லை, அந்த மெஷினுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். அதில் அவர்கள் லாபம் சேர்ந்திருக்கும், கடைக்காரருக்கும் ஒரு பங்கு போவதுண்டு. எதில் கட்டுவது என்று தீர்மானிக்க வேண்டியவர் கார்டு வைத்திருப்பவர்தான், விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியும் அதுதான். ரிசப்ஷன் பையன் மெஷினைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பொத்தானைத் தானே அமுக்கிவிட்டு, ரகசிய எண் போட மட்டும் அப்பாவிடம் நீட்டினான். சீட்டு வந்தது. அதன் அடியில், நாணயத்தை நானே தேர்ந்தெடுத்தேன், என் தேர்வு இறுதியானது என்று அப்பா சொல்வதாக அச்சாகியிருந்தது! அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். "நான் எப்பம்மா சொன்னேன்?"

அங்கேயே ரத்து செய்து திரும்பத் தேய்க்கச் சொன்னேன். கணினி இப்போது அனுமதிக்காது என்றான். சீட்டில் "தேர்வு தரப்படவில்லை" என்று பேனாவால் எழுதி, அதைப் படம் எடுத்துக்கொண்டேன். வங்கியில் புகார் கொடுக்கும்போது அது உதவியது. விசாவின் தகராறு வகைகளில் தவறான நாணயம் என்பதற்கே தனிப் பிரிவு இருக்கிறது, வங்கிக்காரருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மெஷின் உங்கள் கையில் இருக்கட்டும். இரண்டு தொகை தெரிந்தால், அந்த ஊர் நாணயத்தை நீங்களே அமுக்குங்கள்.

இன்றைய நிலவரம் இது. நாணயத்தில் அடித்த பணம் திரும்பி வந்துவிட்டது. பிடித்து வைத்த டெபாசிட்டும் ஒருவழியாக விடுபட்டது. வசதிக் கட்டணத்துக்கு ஹோட்டல் அசைந்து கொடுக்கவில்லை. அறை விஷயத்தில், சொன்ன பொருளைத் தரவில்லை என்ற காரணம் காட்டி, இரண்டு அறை வகைக்கும் உள்ள வாடகை வித்தியாசத்தை மட்டும் கேட்டிருக்கிறேன். முழு வாடகையையும் கேட்டிருந்தால், தங்கத்தானே செய்தீர்கள் என்று தள்ளிவிட்டிருப்பார்கள்.

போன வாரம் அந்தக் கூட்டத்து மேலாளரிடமிருந்தே மெயில் வந்தது. எங்கள் அனுபவத்துக்கு வருத்தமாம், அடுத்த முறை வரும்போது ஒரு இரவு உணவு இலவசமாம். உணவு வேண்டாம், வித்தியாசத் தொகையைக் கணக்கில் போடுங்கள் என்று பதில் எழுதி, வங்கிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.