கறுப்புக் கட்டத்துக்கு 180 டாலர் கொடுத்தேன்: படம் வெட்டும் டூல் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

இன்று மதியம்தான் கடைசிப் பதில் வந்தது. "பயன்படுத்திய கிரெடிட்டுக்குப் பணம் திரும்பத் தர இயலாது." எரிச்சல் அடங்குவதற்குள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 180 டாலர், முழுசாகப் போச்சு.

பெயர் போடப் போவதில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதற்குக் கட்ட என்னிடம் இன்னொரு 180 டாலர் இல்லை. ஏஐ ஏஜென்ட்டுகளுக்கு (கொடுத்த வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் ஏஐ நிரல்களுக்கு) படத்தை வெட்டித் தருகிற சேவை, முன்பணம் கட்டி கிரெடிட் வாங்குகிற வகை. கடைசியில் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறேன்.

இப்படி ஒரு டூல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பெரிய படத்தை மாடலுக்கு, அதாவது ஏஜென்ட்டை இயக்கும் ஏஐக்கு, அனுப்பினால் பெரும்பாலும் அதைச் சுருக்கித்தான் பார்க்கும். 4,000 பிக்சல் படம் 1,500 சொச்சமாகச் சுருங்கும்போது பில்லின் அடியில் இருக்கும் பொடி எழுத்து கரைந்துவிடும். 3 எது, 8 எது என்று தெரியாது. அதனால் ஏஜென்ட் முதலில் முழுப் படத்தையும் பார்த்து, மொத்தத் தொகை எந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது என்று நான்கு எண்களாகச் சொல்லும், கட்டத்தின் நான்கு விளிம்புக்கு ஒவ்வொன்று. டூல் அசல் படத்திலிருந்து அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டித் தரும். அவ்வளவுதான் வேலை.

என்னிடம் இருந்தது போனில் எடுத்த 1,400 பில் படங்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் மொத்தமும் எடுக்க வேண்டும். ஒரு வெட்டுக்கு 2 சென்ட். பில்லுக்கு இரண்டு வெட்டு என்றால் 2,800, தவறுக்கும் சேர்த்து 4,000 போதும். அவர்களிடம் இருந்த சின்ன பேக் 9,000 வெட்டு, 180 டாலர்.

யோசித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. முதலில் அவர்கள் தளத்திலேயே சோதனை செய்து பார்த்தேன். ஸ்கேனரில் எடுத்த ஒரு பில்லை ஏற்றினேன். "மொத்தம்" என்ற வரி, பக்கத்தில் தொகை, அதன் மேல் சாய்வாகக் குத்திய ரப்பர் ஸ்டாம்ப், எல்லாம் கத்தி வைத்து நறுக்கியது போல வந்தது. ஸ்டாம்ப் மையின் புள்ளிகூடத் தெரிந்தது. சேவைப் பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது: போனில் எடுத்த படங்களைத் தானாகவே நிமிர்த்திக்கொள்ளும். அந்த வரியை நம்பித்தான் கார்டை எடுத்தேன். இரவு வேலையை ஓடவிட்டுப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் கிரெடிட் பூஜ்யம். 1,400-இல் 1,100 பில்கூடத் தாண்டவில்லை. வெட்டிய படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தேன். கறுப்பு. அடுத்தது கறுப்பு. அதற்கடுத்ததும் கறுப்பு. தேதி கேட்ட இடத்தில் பில்லின் வேறு ஏதோ துண்டு, பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது.

காரணம் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல போன்கள் படத்தைப் படுக்கை வாக்கில்தான் சேமிக்கும், 4032 அகலம், 3024 உயரம். "காட்டும்போது திருப்பிக் காட்டு" என்று எக்ஸிஃபில் (படக் கோப்புக்குள்ளேயே இருக்கும் தகவல் பகுதி) ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைக்கும். நான் நிமிர்ந்த படத்தைத்தான் மாடலுக்குக் காட்டினேன், அது கொடுத்து, அசல் அளவுக்குப் பெருக்கி அனுப்பிய எண்களும் நிமிர்ந்த படத்துக்கானவை. மொத்தத் தொகை மேலிருந்து 3500-ஆவது பிக்சலில். டூலோ குறிப்பைப் படிக்கவே இல்லை. 3024 உயரப் படத்தில் 3500-ஐத் தேடி, ஒன்றும் இல்லாத இடத்தை வெட்டி, கறுப்பாக நிரப்பி, "வெற்றி" என்று போட்டு 2 சென்ட் எடுத்துக்கொண்டது. ஸ்கேனர் பில்லில் திருப்ப வேண்டியதே இல்லை, அதனால்தான் சோதனையில் அத்தனை அழகு.

ஏஜென்ட் பாவம், கறுப்பைப் பார்த்துவிட்டு எண்ணைக் கொஞ்சம் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 2 சென்ட். பிழை என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் பத்தாவது பில்லிலேயே நின்றிருக்கும். சில பில்களில் அலுத்துப்போய் மங்கலான முழுப் படத்தைப் பார்த்து ஒரு தொகையை ஊகித்தும் எழுதியிருக்கிறது. அது தனிக் கொடுமை.

அப்புறம் ஆரம்பித்தது மின்னஞ்சல் படலம். முதல் பதில் பாட்: உங்கள் ப்ராம்ப்ட்டை (மாடலுக்கு எழுதிய கட்டளையை) சரிபாருங்கள். இரண்டாவது ஒரு மனிதர் (என்று நினைக்கிறேன்): உங்கள் மாடல் 0 முதல் 1000 வரையிலான அளவில் எண் கொடுத்திருக்கலாம். அப்படிக் கொடுக்கும் மாடல்கள் உண்டுதான், கூகுளின் ஜெமினி அப்படித்தான் தரும், செங்குத்து எண்ணை முதலில் வைத்து. ஆனால் நான் அனுப்பியது 3500. ஆயிரத்துக்குள் எப்படி வரும் 3500? இதற்குப் பதில் இல்லை, டிக்கெட்டை மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தேன். "எங்கள் பதிவில் எல்லா அழைப்புகளும் 200 என்று இருக்கின்றன, ஆகவே சேவை வழங்கப்பட்டுவிட்டது." (அழைப்பு என்றால் டூலிடம் கேட்ட ஒவ்வொரு வெட்டும்; 200 என்றால் கோரிக்கை வெற்றி என்ற இணையக் குறியீடு.) கறுப்புப் படங்களை இணைத்து அனுப்பினேன். நல்லெண்ண அடையாளமாக 10 டாலர் கிரெடிட் தருகிறார்களாம், ஏழு நாளுக்குள் அங்கேயே செலவழிக்க வேண்டுமாம். 180 எங்கே, 10 எங்கே? இன்று அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தால், தானாக நிமிர்த்தும் என்ற வரியே இல்லை. நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவில்லை.

என் தப்பும் இருக்கிறது, அழைப்புகளுக்கு உச்சவரம்பு வைக்காமல் தூங்கப் போனேன். ஆனால் வெறுங்கறுப்பை வெட்டுவதற்குக் காசு வாங்குவது எந்த ஊர் நியாயம்?

சரி, விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. போனில் நிமிர்த்தி எடுத்த படத்தை வைத்துச் சோதியுங்கள். வேண்டுமென்றே படத்துக்கு வெளியே ஒரு கட்டம் கேட்டுப் பாருங்கள், பிழை வராமல் கறுப்பு வந்தால் ஓடிவிடுங்கள். முன்பணம் கட்டாதீர்கள். வாக்குறுதிகளை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள் பில்லோ (Pillow) என்ற படங்களுக்கான நிரல் நூலகத்தில் நிமிர்த்த ஒரு வரி, வெட்ட ஒரு வரி எழுதினால் போதும், காசே வேண்டாம். அந்த இரண்டு வரியை நேற்று நானே எழுதினேன், 180 டாலர் போன பிறகு.

ஊகித்து எழுதிய தொகைகள் எவை என்று இன்னும் தெரியவில்லை. முதல் பில்லிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், இப்போது 212-இல் இருக்கிறேன்.