சேணத்தின் அடியில் ஓர் இதயத் துடிப்புமானி: இரண்டு பருவங்களின் அனுபவம்

நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டியில் எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டால் மட்டும் போதாது. குதிரையின் இதயத் துடிப்பு குறித்த அளவுக்கு இறங்கி, கால்நடை மருத்துவர் அதை ஓடவிட்டுப் பார்த்துத் தகுதி என்று சொன்னால்தான் கடந்த தூரம் கணக்கில் சேரும். அமெரிக்காவில் இப்போட்டிகளை நெறிப்படுத்தும் ஏ.இ.ஆர்.சி. அமைப்பின் 25 முதல் 35 மைல் வரையிலான பிரிவில், துடிப்பு நிமிடத்துக்கு 60 ஆக இறங்கும் கணமே முடிவு நேரமாகப் பதிவாகிறது. கலிபோர்னியாவின் ஆபர்ன் பகுதி மலைத்தடங்களில் என் அரபுப் பெட்டைக் குதிரையுடன் இப்பிரிவில் கலந்துகொள்ளத் தொடங்கியபோது, குதிரைக்கான இந்த இதயத் துடிப்புமானியை 200 டாலருக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கியது அதனால்தான்.

கருவி எளிமையானது. ஒரு மின்முனை சேணத்துக்கு அடியில் இடப்பக்கத் தோளின் பின்னும், மற்றொன்று இடது முன்காலின் முழங்கை மூட்டுக்குப் பின்னே வயிற்றுவாருக்கு அடியிலும் அமர்கின்றன. அவற்றை இணைக்கும் சிறு பெட்டி கைக்கடிகாரத்துக்கு எண்ணை அனுப்புகிறது.

ஆனால் ரோமம் உலர்ந்திருந்தால் கருவி எதையும் உருப்படியாகக் காட்டாது. முதல் நாள் விடியற்காலைக் குளிரில், நின்றபடி வைக்கோல் தின்றுகொண்டிருந்த குதிரைக்குக் கடிகாரம் 228 என்று காட்டியதும் பதறிப்போனேன். முழு வேகத்தில் ஓடும் குதிரையின் உச்சத் துடிப்பே ஏறக்குறைய அவ்வளவுதான். தண்ணீரில் நனைத்தால் போதும் என்று கையேடு சொல்கிறது. என் அனுபவத்தில், வியர்வை பிடிக்கும்வரை ஸ்கேன் எடுக்கும்போது தடவும் ஜெல்தான் கைகொடுக்கிறது. ஐந்தாவது மாதத்தில் வயரின் உறை வெடித்தது. உராய்வினால் வந்த சேதம் என்று கூறி, விற்றவர்கள் உத்தரவாதத்தில் மாற்றித் தர மறுத்தார்கள். குதிரையின் மேல் உராய்வதற்கென்றே செய்த பொருளுக்கு இப்படியொரு பதில்!

இத்தனைக்கும் பிறகு அதைக் கழற்றி எறியாததற்கு ஒரு பயிற்சி நாள் காரணம். வழக்கமாக ஏறும் மேட்டில், வழக்கமான துள்ளுநடையில் 140-ஐ ஒட்டி நிற்கும் எண், அன்று 165-க்குப் போனது. சமதளத்துக்கு வந்து நடக்கவிட்ட பிறகும் மெதுவாகவே இறங்கியது. வெயிலும் இல்லை, நடையிலும் குறை தெரியவில்லை. இறங்கி ஒவ்வொரு குளம்பாகத் தூக்கிப் பார்த்ததில், வலது முன்குளம்பு மற்றவற்றைவிடச் சூடாக இருந்தது. கல் குத்திய காயம் என்று உறுதியாகி, மறுநாள்தான் குதிரை நொண்டத் தொடங்கியது. வலி காலில் தெரிவதற்கு முன்பே துடிப்பில் தெரிந்துவிடும் என்று மூத்த ஓட்டிகள் சொல்வதை அன்று கண்ணால் பார்த்தேன்.

போட்டி நாளில் கருவியின் பயன் ஓரளவுதான். சோதனைச் சாவடியில் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் எண்ணே செல்லும். குதிரையைக் குளிர்விக்கச் சேணத்தைக் கழற்றினால் மின்முனைகளும் உடன் கழன்றுவிடும். 125 அடி ஓடவிட்டுத் திருப்பி, ஓட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆனதும் துடிப்பை மீண்டும் எண்ணி முந்தையதோடு ஒப்பிடும் மருத்துவச் சோதனையும் காதால் கேட்டே நடக்கிறது. ஆகவே புதியவர்கள் முதலில் மலிவான ஸ்டெதாஸ்கோப் ஒன்றை வாங்கி, 15 விநாடிகள் எண்ணி நான்கால் பெருக்கிப் பழகுவது நல்லது. இரட்டை ஒலியாகக் கேட்பதை ஒரே துடிப்பாக எண்ண வேண்டும், இல்லையேல் என்னைப்போல் முதல் வாரம் முழுவதும் இருமடங்குக் கணக்கில் கலங்க நேரிடும்.

1955 முதல் நடந்துவரும் டெவிஸ் கோப்பைக் குதிரையோட்டப் போட்டியின் 100 மைல் தடம் ஆபர்னில்தான் முடிகிறது. அந்நாளைய ஓட்டிகள் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து ஓடினார்கள் என்று கேலி செய்பவர்கள் இங்கு உண்டு. குதிரையோடு பல ஆண்டுகள் பழகியவர்களுக்கு அந்தக் கேலி பொருந்தும், எனக்கு இன்னும் பொருந்தாது. தனியாக மலையேறிப் பயிற்சி செய்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்; வாங்கும்போதே உபரியாக ஒரு வயரையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.