மக்களைத் தேடி மருத்துவம்: வீட்டு வாசலில் பிரஷர், சுகர் சோதனை

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய இந்தத் தமிழக அரசுச் சேவையின் பலமே வீடு தேடி வரும் தன்னார்வலர் எடுக்கும் பதிவுதான். எந்தத் தெருவில் யாருக்கு பிரஷர், யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று அதை வைத்தே தேடிப்போக முடிகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வருவது பேருதவி.

ஆனால் அளவு தப்பினால் பதிவும் தப்பு. பிரஷருக்கு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, கருவியின் பட்டையைச் சட்டைக் கை மேல் சுற்றாமல் இரண்டு முறை பார்க்கச் சொல்லுங்கள். 140/90 தொட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உறுதிசெய்ய வேண்டும். சுகருக்குக் குத்துமுன் கையைக் கழுவித் துடையுங்கள். பழம் தொட்ட விரல் அளவைக் கூட்டிக் காட்டும்.

பகலில் வருவதால் வேலைக்குப் போகிறவர்கள் விடுபடுவது பெரிய குறை. வீடு மாறினால் உடனே சொல்லிவிடுங்கள், இல்லையேல் மாத்திரை நின்றுபோகும்.