வன்னியில் இருந்துகொண்டு இணையத்தில் பாவித்த பொருள் வாங்குவதும் விற்பதும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கிளிநொச்சியில் இருந்தபடி இணையவழியில் பாவித்த பொருட்களை வாங்கவும் விற்கவும் தொடங்கிப் பல ஆண்டுகளாகின்றன. 2012 ஆம் ஆண்டு இக்மன் தளம் இலங்கையில் அறிமுகமான காலத்தில் வன்னிப் பக்கத்து விளம்பரங்களை அதில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இன்று அந்தத் தளத்தோடு முகநூலின் மார்க்கெட் பிளேஸ், ஊர் ஊராக இயங்கும் வட்ஸ்அப் குழுக்கள் என்று வழிகள் பெருகிவிட்டன. நீரிறைக்கும் பம்ப், மோட்டார் சைக்கிள், கைபேசி, பிள்ளைகளின் படிப்புக்கு மடிக்கணினி, தையல் மெசின் என்று எங்கள் வீட்டுக்கு வந்தவற்றில் பலவும் முன்பின் அறியாதவர்களிடம் வாங்கியவை. புதிதாக வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு இந்தச் சந்தை பெரும் உதவி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதனாலேயே அதில் ஒருவர் ஏமாற்றப்பட்டதாகக் கேள்விப்படும்போது மனம் பொறுப்பதில்லை. இங்கே பலருக்கு ஒரு பம்ப் வாங்கச் சேர்த்த காசு என்பது ஒரு போகத்து உழைப்பு.

இத்தனை காலப் பாவனையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். பொருளும் பணமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கைமாறும்போது ஏமாற்றுக்கு இடம் மிகவும் குறைந்துவிடுகிறது. அந்த இரண்டுக்கும் இடையில் தூரமோ நாட்களோ புகுந்த இடங்களில்தான் அக்கம்பக்கத்தவர்கள் காசை இழந்ததைக் கண்டிருக்கிறேன். எந்தத் தளத்தைப் பயன்படுத்துகிறோம் என்பதைவிட இதுவே முக்கியம் என்பது என் முடிவு.

வன்னியில் இருப்பவருக்கு இதைக் கடைப்பிடிப்பது சொல்லும் அளவுக்கு இலகுவானதல்ல. நல்ல நிலையில் உள்ள மடிக்கணினிகளும் கைபேசிகளும் பெரும்பாலும் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான் விற்பனைக்கு வருகின்றன. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து, ஒரு நாள் உழைப்பையும் பஸ் காசையும் விட்டு, போன இடத்தில் பொருள் சரியில்லை என்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டுமே என்ற எண்ணம்தான் பலரை முற்பணம் அனுப்பும் முடிவுக்குத் தள்ளுகிறது. மோசடிக்காரர்கள் இதை நன்றாக அறிந்தே பேசுகிறார்கள். “அண்ணை, இன்னொரு ஆளும் கேட்டுக்கொண்டு நிக்கிறார், நீங்க இப்ப ஒரு ஐயாயிரம் போட்டு விட்டா உங்களுக்கெண்டு எடுத்து வைப்பன்” என்ற பேச்சை வெவ்வேறு குரல்களில் கேட்டிருக்கிறேன். விலை சந்தை விலையில் பாதியாக இருக்கும். அடுத்த கிழமை வெளிநாடு போவதால் அவசரமாக விற்பதாகக் காரணம் வரும். காசு போனதும் கூரியர் கட்டணம், காப்புறுதி என்று அடுத்தடுத்த கோரிக்கைகள் வரும். பிறகு அந்த இலக்கம் வேலை செய்யாது. வெளிநாட்டில் உறவுகள் நிறைந்த எங்கள் பகுதியில், கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வந்த பொதி சுங்கத்தில் நிற்கிறது, தீர்வையைக் கட்டினால் மலிவாக எடுக்கலாம் என்ற கதையும் எடுபடுகிறது. அரசாங்கத்துக்குச் செலுத்தும் தீர்வை ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கோ, கைபேசிவழிப் பணம் அனுப்பும் ஈசி காஷ் இலக்கத்துக்கோ போக வேண்டிய தேவை இல்லை என்பதை நினைவில் வைத்தால் அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

தூரத்துப் பொருள் என்றால் நான் செய்வது, அந்த ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்வதுதான். அவர் பொருளை இயக்கிப் பார்த்து, காசைக் கையில் கொடுத்து, வாங்கிய பொருளை இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ்ஸின் இலக்கத்தையும் நடத்துநரின் தொலைபேசி எண்ணையும் அனுப்புவார்; விடியற்காலையில் கிளிநொச்சியில் இறக்கி எடுப்பேன். அப்படிப் பார்க்க ஆள் இல்லை என்றால், எவ்வளவு நல்ல பொருளாகத் தெரிந்தாலும் அந்த விளம்பரத்தைக் கடந்துவிடுகிறேன். பொருள் வந்த பின் பணம் கொடுக்கும் கூரியர் முறையும் உண்டு. ஆனால் அதில் பெரும்பாலும் பணத்தைக் கொடுத்த பிறகுதான் பொதியைப் பிரிக்க விடுவார்கள் என்பதால், இழந்தாலும் தாங்கக்கூடிய சிறு பொருட்களுக்கு மட்டுமே அதை வைத்திருக்கிறேன். வீடியோ அழைப்பில் பொருளைக் காட்டச் சொல்வது பயனுள்ளதுதான். அன்றைய திகதியை ஒரு தாளில் எழுதிப் பொருளின் பக்கத்தில் வைத்துக் காட்டும்படி கேட்டால், வேறு எங்கோ இருந்து எடுத்த படங்களைப் போட்டவர்கள் அதோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். பொருள் அவரிடம் இருக்கிறது என்பதற்குத்தான் அது அத்தாட்சி. அவர் அதை அனுப்பி வைப்பார் என்பதற்கு அது அத்தாட்சியாகாது.

சந்திக்கும் இடத்தை எப்போதும் பகல் நேரத்தில், ஆள் நடமாட்டம் உள்ள இடமாக வைத்துக்கொள்கிறேன். முல்லைத்தீவு வீதிகள் ஏ9 வீதியோடு சேருமிடங்களான பரந்தன் சந்தியும் மாங்குளம் சந்தியும் இரு பக்கத்தாருக்கும் வசதியானவை. தொகை பெரிதானால் வங்கிக் கிளைக்குள்ளேயே சந்திப்பதுதான் சிறந்தது. விற்றவர் காசை அங்கேயே கணக்கில் வைப்பிலிட்டுவிடலாம், கள்ளத் தாள் இருந்தாலும் காசாளரிடம் அங்கேயே தெரிந்துவிடும். கடைசி நேரத்தில் இடத்தை மாற்றி, உள்ளொழுங்கைக்குள் வரச் சொல்பவரிடம் நான் போவதில்லை.

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் போருக்குப் பின் வன்னியில் ஏராளம். அவர்களில் பலர் குளிர்சாதனப் பெட்டியையோ தையல் மெசினையோ விற்க வேண்டி வரும்போது, பொருளைச் சந்திக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாமல், வாங்குபவரை வீட்டுக்கு வரச் சொல்கிறார்கள். என் உறவுக்காரப் பெண் ஒருவர் கையாளும் முறையை எல்லோருக்கும் சொல்வேன். பொருளை முன்னதாகவே விறாந்தைக்கு எடுத்து வைத்து, அங்கேயே மின்சாரம் கொடுத்துக் காட்டுவார். வருபவர் வீட்டுக்குள் நுழையத் தேவையே இராது. அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அண்ணரும் அக்காவும் வந்து இருந்துவிடுவார்கள். விளம்பரப் படங்களில் படலையோ வீட்டு முகப்போ பிள்ளைகளோ தெரியாதபடி பார்த்துக்கொள்வார், அழைப்புகளுக்கென்று வேறு சிம் ஒன்றும் வைத்திருக்கிறார். பெண் பெயரில் விளம்பரம் போட்டால் இரவில் வரும் தொல்லை அழைப்புகளை நினைத்தால், அந்த இரண்டாவது சிம்மின் செலவு ஒரு செலவே அல்ல.

பொருளைச் சோதிப்பதில் நான் அதிகம் பழகியது பம்பில்தான். சிறுபோகத்துக்கு முன் பம்புகளுக்குக் கேள்வி கூடும், விலையும் ஏறும், அவசரமும் கூடும். இயக்கச் சொல்வதற்கு முன்பே எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பேன். அது சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் இலகுவில் ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை நாங்கள் வருவதற்கு முன் ஓட்டி வைத்திருக்கிறார் என்ற சந்தேகம் வரும், அது ஆறும்வரை இருந்து பார்ப்பேன். எண்ணெய்க் குச்சியை இழுத்தால் ஒயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஓடும்போது நீலப் புகை நிற்காமல் வந்தால் ஒயில் எரிகிறது. பம்புக்குள் தண்ணீர் நிரப்பி ஓடவிட்டு, உறிஞ்சும் வாயில் உள்ளங்கையை வைத்தால் அது கையை இழுத்துப் பிடிக்க வேண்டும். எஞ்சினும் பம்பும் சேருமிடத்துக்குக் கீழே துளி துளியாகத் தண்ணீர் சொட்டினால் சீல் தேய்ந்துவிட்டது. அதை மாற்றலாம், ஆனால் விலையில் குறைக்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த பம்பென்றால் உடலை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறேன், ஏனென்றால் வெடிப்பை எம்-சீல் என்ற ஒட்டுப் பசை வைத்து அடைத்துவிட்டு அதன்மேல் பெயின்ட் பூசுவது இங்கே வழக்கமாகிவிட்டது. தொடர் இலக்கம் உள்ள தகடு கழற்றப்பட்டிருந்தால் நான் வாங்குவதே இல்லை. வயல் கரைகளில் பம்ப் களவு போவது எங்களுக்குப் புதிதல்ல. களவுப் பொருள் என்று தெரிந்தும் வாங்கி வைத்திருப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம், தெரியாமல் வாங்கியவரும் பொலிசார் பொருளை எடுத்துப் போகும்போது காசை இழந்து நிற்பார்.

கைபேசிக்கும் இதே கவனம் வேண்டும். *#06# என்று அழுத்தினால் வரும், ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்தனியான 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைப் பெட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, ஐ.எம்.ஈ.ஐ. என்பதன் ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்ற பதில் வரும். அதன்பின், விற்பவர் தன் கூகுள் அல்லது ஐகிளவுட் கணக்கை என் கண்முன்னே நீக்கி, கைபேசியை முழுமையாக அழித்துத் தரவேண்டும். அழித்துவிட்டுத் திரும்ப இயக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால் அந்தக் கைபேசியை வாங்கிப் பயனில்லை. என் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு எடுத்துப் பார்த்த பிறகே காசைக் கொடுக்கிறேன்.

மோட்டார் சைக்கிள் வாங்கும்போது வண்டியைவிடப் பத்திரத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் திரும்பத் திறக்கப்படும்வரை பாவித்த வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே இருந்ததால், பலர் பத்திரத்தைப் பாராமல் வாங்கிவிட்டார்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு ஒத்திருக்க வேண்டும்; முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதம் கைக்கு வரும்வரை அது விற்பவரின் வண்டியல்ல. பெயர் மாற்றாமல், கையொப்பமிட்ட படிவங்களோடு ‘ஓப்பன் பேப்பர்’ என்று வண்டி கைமாறிக்கொண்டே போவது இங்கே சாதாரணமாகிவிட்டது. எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. வண்டி எங்காவது விபத்தில் சிக்கினால் பொலிசார் முதலில் தேடி வருவது பதிவில் உள்ளவரை. ஆகவே விற்பவரும் தன் பங்குக்குப் பெயர் மாற்றம் பற்றிய அறிவித்தலை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அனுப்பி, அதன் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும்.

விற்பவர்களுக்கு வரும் ஆபத்தைப் பற்றி இங்கே குறைவாகத்தான் பேசப்படுகிறது. பணம் அனுப்பிவிட்டதாக ஒரு படத்தை வட்ஸ்அப்பில் காட்டி, “தம்பி, காசு போட்டாச்சு, ஆட்டோவில ஏத்தி விடுங்கோ” என்று அவசரப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படத்தைக் கைபேசியில் சில நிமிடங்களில் உருவாக்கிவிடலாம். வங்கியின் பெயரில் வரும் குறுஞ்செய்தியைக்கூடப் போலியாக அனுப்ப முடியும். என் வங்கிச் செயலியைத் திறந்து மீதியைப் பார்த்த பிறகே பொருளை விடுகிறேன். வங்கிகளுக்கு இடையே உடனடிப் பரிமாற்றம் 2015 முதல் நடைமுறையில் இருப்பதால், உண்மையாக அனுப்பிய காசு பெரும்பாலும் நிமிடங்களில் வந்துவிடும். நாளைக்குத்தான் வரும் என்றால் பொருளும் நாளைக்கே போகட்டும். காசைப் பெறுவதற்கு இணைப்பு ஒன்றை அழுத்தி அட்டை விபரம் தரும்படியோ வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணான ஓ.டி.பி. சொல்லும்படியோ கேட்டால், அவர் காசு தர வந்தவரல்ல, எடுக்க வந்தவர். கைக்காசாக 5000 ரூபா தாள்கள் வந்தால் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பறவையின் நீர்க்குறியையும் பாதுகாப்பு இழையையும் பார்ப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

பெரிய கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் பொருளின் விபரம், தொடர் இலக்கம், தொகை, திகதி எழுதி இருவரும் கையொப்பமிட்டு, அடையாள அட்டை இலக்கங்களையும் குறித்துக்கொள்கிறோம். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும். பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். முன்னால் நிற்பவருக்கும் அட்டைக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க இது உதவும். அட்டையின் படத்தை மட்டும் நான் யாருக்கும் அனுப்புவதில்லை. நேரில் காட்டுவதோடு சரி.

ஏமாற்றப்பட்டவர் முதலில் தன் வங்கியை அழைக்க வேண்டும், பிறகு கிட்டிய பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் உரையாடல், விளம்பரம், காசு போன கணக்கு இலக்கம் எல்லாவற்றையும் படம் பிடித்து வைக்க வேண்டும், ஏனென்றால் மோசடிக்காரர் அன்றைக்கே அவற்றை அழித்துவிடுவார். இணைய மோசடி பற்றிய ஆலோசனைக்கு, கணினிப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கம் இருக்கிறது. தொகை சிறியது, வெளியே சொன்னால் மரியாதை போய்விடும் என்று பேசாமல் இருந்துவிடுபவர்களே இங்கே அதிகம். அவர்கள் முறையிடாத அதே இலக்கத்தில் இருந்துதான் அடுத்தவருக்கும் அழைப்பு வருகிறது.

இனித் தளங்களைப் பற்றி. இக்மனில் மாவட்ட வாரியாகத் தேட முடிவது பெரிய வசதி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகியவற்றுக்குள் தேடலை நிறுத்திக்கொண்டால் நேரில் பார்க்கக்கூடிய பொருட்கள் மட்டுமே வரும். மார்க்கெட் பிளேஸில் விற்பவரின் பக்கத்துக்குப் போய், அது எந்த ஆண்டில் தொடங்கியது, பழைய படங்களும் நண்பர்களும் உண்டா என்று பார்க்கிறேன். சென்ற மாதம் தொடங்கிய கணக்கில் பல மாவட்டங்களின் பெயரில் பொருட்கள் கிடந்தால் பேசுவதே இல்லை. பொருட்களின் தெரிவு மிகக் குறைவாக இருந்தாலும், என் நம்பிக்கைக்கு அதிகம் உரியவை ஊர் வட்ஸ்அப் குழுக்கள்தான். எங்கள் பகுதிக் குழுவை நடத்தும் இளைஞர்கள், சேர வருபவரின் ஊரையும் அங்கே அவரை அறிந்த ஒருவரின் பெயரையும் கேட்டுத்தான் சேர்க்கிறார்கள், முற்பணம் கேட்டதாக ஒரு முறைப்பாடு வந்தாலே அந்த ஆளை நீக்கி, இலக்கத்தை மற்றக் குழுக்களுக்கும் அறிவித்துவிடுகிறார்கள்.